தலைச்சுற்றல் மாத்திரைக்கு முடிவு நாள் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலைச்சுற்றலுக்கு எழுதித்தரும் மாத்திரைகளை மாதக்கணக்கில், சில வீடுகளில் வருடக்கணக்கில் விழுங்குகிறார்கள். முதல் சீட்டில் ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்று இருக்கும். எத்தனை நாளைக்கு என்று இருக்காது. காலி அட்டையைக் காட்டினால் மருந்துக் கடையில் புது அட்டை கிடைத்துவிடும். விழுங்குகிறவர் அது காதை வலுவாக்குகிறது என்று நம்புகிறார். அப்படி இல்லை. இந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை மூளைக்குள் ஒரு நரம்பிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கொண்டுசெல்லும் நரம்புக்கடத்தி ரசாயனங்களைத் தடுத்தோ தூண்டியோ வேலை செய்பவை. வாந்தியும் சுற்றலும் உச்சத்தில் இருக்கும் முதல் இரண்டு மூன்று நாளுக்கு அது பேருதவி. அதற்குப் பிறகு அதே வேலை குணமாவதைத் தடுக்கிறது. வயதானவர்களுக்குக் கை நடுக்கத்தையும் கொண்டுவருகிறது. காரணம் தெரிந்தால்தான் மக்கள் கேள்வி கேட்பார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஒவ்வொரு உள்காதிலும் சமநிலைக்கென்று ஐந்து உறுப்புகள் உண்டு. தலை திரும்புவதை உணர மூன்று அரைவட்டக் கால்வாய்கள். சாய்வையும் நேர்கோட்டு அசைவையும் உணர இரண்டு சிறு பைகள். எல்லாவற்றிலும் அடிப்படை மயிர்ச்செல்கள்தான். தலை திரும்பும்போது கால்வாயில் இருக்கும் திரவம் பின்தங்குகிறது, செல்லின் உச்சியில் இருக்கும் நுண்மயிர்க் கற்றை வளைகிறது, பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. அதைத் தொடர்ந்து செல்லின் அடிப்பகுதியில் கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. அங்கே குளுட்டமேட் என்ற நரம்புக்கடத்தி நிரம்பிய நுண்குமிழிகள் நாடா போன்ற ஓர் அமைப்பைச் சுற்றி வரிசையாகக் காத்திருக்கும். கால்சியம் வந்ததும் அவை வெடித்து குளுட்டமேட்டை நரம்பு முனையின் மேல் கொட்டுகின்றன. நரம்பு துடிக்கிறது. மிச்சமான குளுட்டமேட்டைப் பக்கத்தில் இருக்கும் துணைச் செல்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. தேங்கினால் நரம்பு முனையே வீங்கிக் கெட்டுவிடும்.

இங்கே முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. தலை அசையாமல் இருக்கும்போதும் குளுட்டமேட் சொட்டிக்கொண்டேதான் இருக்கும். குரங்குகளில் அளந்தபோது ஓய்வு நிலையிலேயே ஒரு நரம்பிழை நொடிக்குச் சராசரியாக 90 தடவை துடித்தது. தலையை வலது பக்கம் திருப்பினால் வலக்காதின் துடிப்பு கூடுகிறது, இடக்காதில் குறைகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் மூளை ‘திரும்புகிறோம்’ என்று படித்துக்கொள்கிறது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நின்றுவிட்டால் வண்டி அந்தப் பக்கமாகவே வட்டமடிப்பது போல, ஒரு காதின் துடிப்பு திடீரென நின்றுபோனால் படுக்கையில் அசையாமல் கிடந்தாலும் உலகம் சுழல்கிறது. கண்கள் நல்ல காதின் பக்கம் வெட்டி வெட்டி ஓடுகின்றன. எழுந்து நின்றால் கெட்ட காதின் பக்கம் உடல் சரிகிறது.

மயிர்ச்செல்களில் இரண்டு வகை. இரண்டாம் வகையில் நரம்பு முனைகள் சின்னப் பொத்தான்கள் போல ஒட்டியிருக்கும். முதல் வகையில் நரம்பு முனை முழுச் செல்லையும் கிண்ணமாகக் கவ்வியிருக்கும். அந்த இடுக்கில் தேங்கும் பொட்டாசியமும் மின் மாற்றமுமே நரம்பைத் தூண்டிவிடுவதால், குளுட்டமேட் வந்து சேரும் வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. நடக்கும்போது தலை குலுங்கினாலும் கடைப் பலகையின் எழுத்து ஆடாமல் தெரிவதற்கு இத்தனை வேகம் தேவைப்படுகிறது. உடலில் எங்களை மிகவும் வியக்கவைக்கும் இணைப்பு இதுதான்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். நாம் வாங்கும் தலைச்சுற்றல் மாத்திரை எதுவும் மயிர்ச்செல்லின் குளுட்டமேட்டைச் சரிசெய்வதில்லை. காதிலிருந்து வரும் நரம்பு மூளைத்தண்டில் முடியும் இடத்திலும், அதற்கு அருகே இருக்கும் வாந்தி மையத்திலும்தான் அவற்றின் வேலை நடக்கிறது. அங்கே ஹிஸ்டமின் செய்தியை உரக்கச் சொல்கிறது. அசிட்டைல்கோலினும் அதே பக்கம். காபா என்ற ரசாயனம் அமுக்குகிறது. டோபமின் வாந்தியைக் கிளப்புகிறது. ஆகவே சின்னாரிசின், புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட் போன்றவை ஹிஸ்டமினைத் தடுக்கின்றன. பின்னிரண்டும் அசிட்டைல்கோலினையும் தடுக்கின்றன. புரோகுளோர்பெரசின் டோபமினைத் தடுக்கிறது. க்ளோனசெபாம், டயசெபாம் போன்றவை காபாவின் கையை ஓங்க வைக்கின்றன. மூக்கொழுகலுக்குத் தரும் ஃபெக்சோஃபெனடினும் ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துதான். ஆனால் அது மூளைக்குள் புகாததால் சுற்றலுக்கு உதவாது. தலைச்சுற்றல் மாத்திரை தூக்கத்தைத் தருவது ஏன் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

ஒரு காதின் சமநிலை நரம்பு வீங்கி முடங்கும் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் தலையைத் தூக்க முடியாது; நிற்காத வாந்தி. அப்போது மூளைத்தண்டில் நடப்பது இது: கெட்ட பக்கத்து நரம்புக்கூட்டம் காதிலிருந்து வரும் துடிப்பை இழந்தது போதாதென்று, நல்ல பக்கத்திலிருந்து காபா வழியாக வரும் அமுக்கமும் சேர்ந்து அதை முற்றிலும் மௌனமாக்குகிறது. அடுத்த சில நாட்களில் அந்தச் செல்கள் காபாவுக்குத் தரும் மதிப்பைக் குறைத்துக்கொள்கின்றன. காதின் உதவி இல்லாமலே மறுபடி துடிக்கத் தொடங்குகின்றன. மூன்றாம் நான்காம் நாள் சுற்றல் தணிவது பெரும்பாலும் இதனால்தான். காது அதற்குள் சரியாகிவிட்டது என்று பொருளில்லை. பிறகு வாரக்கணக்கில், தலையையும் கண்ணையும் அசைக்க அசைக்க, எஞ்சிய காதை வைத்தே கணக்குப் போடச் சிறுமூளை கற்றுக்கொள்கிறது. தவறு தெரிந்தால்தான் கற்க முடியும். க்ளோனசெபாம் தினமும் இரவு போனால் காபாவின் அமுக்கம் குறையவே விடாது. சின்னாரிசின் போனால் தவறு என்ற செய்தியே மழுங்கிப்போகும். ஒரு மாதத்தில் நடமாட வேண்டியவர் ஆறு மாதமாகியும் சுவரைப் பிடித்து நடப்பதற்கு நாங்கள் அதிகம் காணும் காரணம் நிறுத்தப்படாத மாத்திரையும் படுக்கையை விட்டு எழாததும்தான்.

முதல் மூன்று நாளுக்குப் பிறகு இவருக்கு வேண்டியது பயிற்சி. ஒரு சீட்டில் பெரிய எழுத்து ஒன்றை எழுதிக் கண் மட்டத்தில், கை நீளத் தூரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். பார்வையை எழுத்திலிருந்து எடுக்காமல் தலையை இடமும் வலமும் 20 முதல் 30 பாகை வரை திருப்ப வேண்டும், ஒரு நிமிடம். அடுத்து மேலும் கீழும் ஒரு நிமிடம். எழுத்து மங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றே கீழே இருப்பதுதான் சரியான வேகம். முதலில் உட்கார்ந்து, பழகியதும் நின்று, பிறகு பாதங்களைச் சேர்த்து வைத்து, கடைசியாக நடந்தபடி. நாளைக்கு மூன்று முறையாவது, மொத்தம் 12 நிமிடமாவது செய்தால்தான் பலன். செய்யும்போது இலேசாகச் சுற்றத்தான் செய்யும். சுற்றுகிறதே என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். சில நிமிடங்களில் அடங்கினால் தொடரலாம். 20 நிமிடமாகியும் அடங்காவிட்டால் அடுத்த முறை வேகத்தைக் குறைக்க வேண்டும். மெதுவாக, வசதியாக, சுற்றலே வராதபடி ஆட்டினால் மூளைக்குப் பாடம் எதுவும் போய்ச் சேராது.

இதைவிடப் பரவலானது, படுக்கையில் புரளும்போதும், அண்ணாந்து பரணைப் பார்க்கும்போதும், குனிந்து எழும்போதும் அரை நிமிடம் சுற்றிவிட்டு நிற்கும் தலைச்சுற்றல். இதில் நரம்புக்கடத்திக்குக் குறையே இல்லை. சாய்வை உணரும் பையில் இருக்க வேண்டிய கால்சியம் கார்பனேட் துகள்கள் உதிர்ந்து கால்வாய்க்குள் போய்விட்டன. துகளை மாத்திரையால் வெளியே கொண்டுவர முடியாது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் சங்கம் 2017-இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் இந்த நோய்க்குச் சுற்றலை அமுக்கும் மாத்திரைகளை வழக்கமாகத் தரக்கூடாது என்றே சொல்கிறது. இருந்தும் இவர்கள் கையில்தான் அதிகமான அட்டைகள் இருக்கின்றன.

1992-இல் ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட முறைதான் இதற்கு வைத்தியம். வலக்காதில் துகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்ப வேண்டும். அப்படியே வேகமாகப் படுக்க வேண்டும். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே 20 முதல் 30 பாகை கீழே தொங்க வேண்டும். சில நொடிகளில் சுற்றல் வரும். அது நிற்கும் வரை, குறைந்தது ஒரு நிமிடம், அசையாமல் இருக்க வேண்டும். தலையைத் தூக்காமல் 90 பாகை இடப்பக்கம் திருப்பி மறுபடி ஒரு நிமிடம். பிறகு இடத் தோளின் மேல் உடம்பைப் புரட்டி, மூக்கு தரையைப் பார்க்கும்படி ஒரு நிமிடம். கடைசியில் மோவாயைத் தாழ்த்தியபடியே கால்களைத் தொங்கவிட்டு எழுந்து உட்கார வேண்டும். பெரும்பாலோருக்கு ஓரிரு முறையிலேயே குணம் தெரியும். அதன் பிறகு உட்கார்ந்தே தூங்க வேண்டும், ஒரு வாரம் குனியக் கூடாது என்றெல்லாம் சொல்வதற்கு அவசியமில்லை.

இது பலிக்காமல் போவதற்கு நாங்கள் காணும் காரணங்கள் நான்கைந்துதான். தலையணை மேலேயே படுத்துவிடுவது. அதனால் தலை தொங்காது, துகள் நகராது. இரண்டாவது திருப்பத்தில் தலையை மேலே தூக்கிவிடுவது. துகள் வந்த வழியே திரும்பிவிடும். சுற்றல் தாங்காமல் பத்து நொடியில் எழுந்துவிடுவது. எந்தக் காது என்று பார்க்காமல் காணொளியைப் பார்த்து வீட்டிலேயே தப்பான பக்கம் செய்வது. துகள் வேறு கால்வாயில் இருக்கும்போது இதே முறையைத் திரும்பத் திரும்பச் செய்வது. அதற்கு வேறு முறை உண்டு. ஆகவே முதல் தடவையாவது மருத்துவர் பரிசோதித்துச் செய்ய வேண்டும். கழுத்தெலும்பு மோசமாகத் தேய்ந்தவர்களும், அண்மையில் விழித்திரை அறுவை செய்துகொண்டவர்களும் தாமாகச் செய்யவே கூடாது. அடிக்கடி திரும்ப வருகிறவர்கள் வைட்டமின் டி அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. குறைவாக இருந்தவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் கொடுத்தபோது மறுபடி வருவது குறைந்ததாகக் கொரியாவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2020-இல் காட்டியது.

பரிசோதனைக்கு வரும் முன் மாத்திரை போட்டுக்கொண்டு வருவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நோய் எந்தக் காதில், எந்தக் கால்வாயில் என்பதைக் கண் ஓட்டத்தை வைத்துத்தான் சொல்கிறோம். மாத்திரை அந்த ஓட்டத்தையே அமுக்கிவிடும். கண் அசைவைப் பதிவு செய்யும் சோதனைக்கு 48 மணி நேரம் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்வது அதனால்தான். ஆனால் க்ளோனசெபாம் போன்ற தூக்க மாத்திரை வகையை மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

எங்களை மிகவும் வருத்துவது டோபமின் விஷயம். புரோகுளோர்பெரசின் டோபமினை வாந்தி மையத்தில் மட்டும் தடுப்பதில்லை. நடையையும் கை அசைவையும் ஒழுங்குசெய்யும் மூளைப் பகுதியிலும் தடுக்கிறது. சின்னாரிசினுக்கும், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃப்ளுனரிசினுக்கும் இதே குணம் ஓரளவு உண்டு. சிறு வயதினருக்கு முதல் ஓரிரு நாளிலேயே கழுத்து ஒருபக்கம் முறுக்கிக்கொள்ளலாம், கருவிழி மேலே செருகிக்கொள்ளலாம், நாக்கு தடிக்கலாம். வீட்டார் வலிப்பு என்றோ வேறெதுவோ என்றோ அலறுவார்கள். ஊசி ஒன்றில் சரியாகிவிடும், மாத்திரையின் பெயரைச் சொன்னால் போதும். முதியவர்களுக்கு நடப்பது வேறு. மூன்று நான்கு மாதத்தில் முகத்தில் உணர்ச்சி குறையும், சட்டைப் பொத்தான் போட நேரமாகும், காலடி சின்னதாகும், கை நடுங்கும். அதைப் பார்கின்சன் நோய் என்று முடிவுகட்டி அதற்கும் மருந்து தொடங்கிவிடுவதுண்டு. தலைச்சுற்றல் மாத்திரை மட்டும் கீழே அப்படியே தொடரும். காரணமான மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோர் வாரங்களில், சிலர் பல மாதங்களில் மீள்கிறார்கள். அறுபதைக் கடந்தவருக்குப் புதிதாக நடுக்கம் வந்தால் வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்துகளால் புரோஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்வதும், கண்ணழுத்தம் கூடுவதும், முதியவருக்கு இரவில் மனக்குழப்பம் வருவதும் இதே பையில்தான் விளங்கும்.

பீட்டாஹிஸ்டின் மேற்சொன்ன வரிசையில் சேராது. மூளையில் ஹிஸ்டமின் சுரப்பைக் கட்டுப்படுத்தும் ஒரு ஏற்பியை அது தடுப்பதால் ஹிஸ்டமின் கூடுகிறது. தூக்கம் தராது, நடுக்கம் தராது. ஆனால் அதையும் ஹிஸ்டமினைத் தடுக்கும் சின்னாரிசினையும் ஒரே சீட்டில் சேர்த்து எழுதுவதில் எங்களுக்கு நியாயம் தெரியவில்லை; ஒன்று ஏற்றிவிடுவதை இன்னொன்று வாசலில் மறிக்கிறது. காது அடைப்பும் இரைச்சலும் சேர்ந்து 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை சுற்றும் மெனியர் நோய்க்குப் பீட்டாஹிஸ்டின் பரவலாகத் தரப்படுகிறது. ஜெர்மனியில் 221 பேரிடம் ஒன்பது மாதம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், குறைந்த அளவானாலும் அதிக அளவானாலும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை விட அது மேலாகத் தெரியவில்லை. பல நாடுகளில் புழக்கத்தில் உள்ளது, பெரிய தீங்கு இல்லாதது என்பதால் சில மாதம் கொடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். ஆஸ்துமாவோ வயிற்றுப் புண்ணோ இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இந்த மாத்திரைகளை முறையாகப் பயன்படுத்தும் இடமும் உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறும்போது வரும் வாந்திக்கு நோய் எதுவும் காரணமில்லை. காது சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகாததுதான். புரோமெத்தசினோ டைமென்ஹைட்ரினேட்டோ ஒரு வேளை, அடிவாரத்தில் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொண்டால் நன்றாகப் பலன் தரும். குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கினால் வயிறு அதை உள்ளே அனுப்பாது. இரண்டு வயதுக்குக் கீழ் புரோமெத்தசின் கூடவே கூடாது, மூச்சு குறைந்துபோகும். வண்டி ஓட்டுகிறவர் தொடவே கூடாது.

இன்னொரு எச்சரிக்கை, கிருமித்தொற்றுக்குப் போடும் ஜென்டமைசின் ஊசி பற்றியது. மயிர்ச்செல்லின் நுண்மயிரில் பொட்டாசியம் நுழையும் அதே வாசல் வழியாக அது உள்ளே புகுந்து செல்லைக் கொல்கிறது. இரண்டு காதும் ஒருசேரப் போவதால் வித்தியாசம் தோன்றாது, சுற்றலும் வராது. மாறாக, நடக்கும்போது எதிரே உள்ளவை குதிப்பதாகத் தெரியும்; மின்சாரம் போன இரவில், மணலில், மேடுபள்ளத்தில் தள்ளாடும். இங்கே குளுட்டமேட் கொட்ட ஆளே இல்லை. தலைச்சுற்றல் மாத்திரை எஞ்சியதையும் மழுங்கடிக்கத்தான் செய்யும். சிறுநீரகச் சோதனை சரியாக இருந்தாலும் இது வரலாம். ஊசி ஓடும் நாட்களில் இப்படி ஏதாவது தெரிந்தால் அன்றே சொல்லிவிட வேண்டும்.

திடீர்ச் சுற்றலோடு பேச்சுக் குழறல், ஒன்று இரண்டாகத் தெரிதல், விழுங்க முடியாமை, முகத்திலோ கையிலோ மரத்துப்போதல், இதுவரை வராத கடும் தலைவலி அல்லது கழுத்துவலி, பிடிக்காமல் உட்காரவே முடியாத தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது காதுப் பிரச்சினை என்று நினைக்கக் கூடாது. மூளைத்தண்டு அல்லது சிறுமூளையின் பக்கவாதமாக இருக்கலாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. சுற்றல் ஊசி போட்டுப் படுக்கவைத்து விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

மருத்துவர்களிடம் எங்கள் வேண்டுகோள் சின்னது: மாத்திரையின் பெயருக்குப் பக்கத்தில் ‘3 நாள்’ என்று எழுதுங்கள், மறுபடி பார்க்க வேண்டிய தேதியையும் எழுதுங்கள். மருந்துக் கடைக்காரர்கள் மூன்றாவது அட்டையைக் கேட்டு வருகிறவரை ஒரு தடவையாவது மருத்துவரிடம் திருப்பி அனுப்புங்கள். தங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில் தலைச்சுற்றல் கேள்வி வரும்போதெல்லாம், எவ்வளவு நேரம் சுற்றுகிறது, எந்த அசைவில் சுற்றுகிறது, காது கேட்பது குறைகிறதா என்ற மூன்றையும் கேட்டுவிட்டுப் பதில் சொல்லும்படி செய்ய வேண்டும்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் விழுங்கி வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளையே எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டாம். பீட்டாஹிஸ்டினைச் சட்டென நிறுத்தலாம். சின்னாரிசின், புரோகுளோர்பெரசின் இரண்டையும் மருத்துவரைக் கேட்டு நிறுத்த வேண்டும். க்ளோனசெபாம் வகையை வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். திடீரென விட்டால் பதற்றமும் தூக்கமின்மையும், சிலருக்கு வலிப்பும் வரும். நிறுத்திய முதல் சில நாள் தள்ளாட்டம் கூடுவது போலத் தோன்றும். அமுங்கிக் கிடந்த செய்தி மூளைக்கு மறுபடி போகத் தொடங்கியதன் அடையாளம் அது. எழுத்துச் சீட்டுப் பயிற்சியைத் தொடங்க அதுதான் சரியான சமயம்.

இப்படிக்கு,
காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் சமநிலைப் பயிற்சி இயன்முறை மருத்துவர்களும்